ஹாலில் நின்ற பத்தொன்பது அடிப் படகு

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே மூவரும் நலம், அதுவும் கரையில் நலம். அங்கே நீயும் அத்தானும் பெரியவனும் குட்டியும் நலமாகவும் உலர்ந்தும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இது போனில் சொல்லக்கூடிய விஷயம்தான். ஆனால் போனில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் கடிதம்.

படகுக் கடைக்குப் போன அன்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். மொத்தம் நான்கு வார்த்தைகள். "எனக்கு நீச்சல் தெரியாது அப்பா." சொல்வதற்கு மூன்று நல்ல சந்தர்ப்பங்கள் கிடைத்தன. முதல் முறை வாயைத் திறந்தபோது கடைக்காரர் பேனா மூடியைக் கழற்றினார். இரண்டாம் முறை அம்மா தும்மினாள். மூன்றாம் முறை யாரும் எதுவும் செய்யவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. மூன்று முறையும் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்ற படகுகளைப் பார்த்துக்கொண்டு, வாழ்க்கையில் இதைவிட அழகான பொருளைப் பார்த்ததே இல்லை என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் நீ. இரண்டு மாதத்துக்கு முன் போனில், அநேகமாகப் பாத்திரம் துடைத்துக்கொண்டே, "லீவு விட்டா இதுங்களை எங்க கூட்டிட்டுப் போறதுன்னே தெரியலப்பா, தண்ணின்னா ரெண்டும் பறக்குதுங்க, உங்ககிட்ட ஒரு படகு இருந்தா லீவுக்கு லீவு அங்கதான் இருப்போம்" என்று சொன்னாய். சொல்லிவிட்டு நீ மறந்திருப்பாய். அப்பா ஓய்வுபெற்று அப்போது ஐந்து மாதம். முப்பத்தொரு வருடம் ஊரில் உள்ள லிஃப்ட் ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கி, "எட்டு நபர்கள், 544 கிலோ" என்ற பலகைக்குக் கீழே கையெழுத்துப் போட்ட மனிதர். அவரிடம் யாரும் எதையும் பேச்சுக்குச் சொல்லக்கூடாது. போனை வைத்தார், கண்ணாடியைத் துடைத்தார், "லீவுக்கு லீவு" என்று ஒரு முறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். மறுநாள் தபாலில் வர வேண்டிய விளம்பரப் புத்தகங்களுக்குக் காத்திராமல் நேரிலேயே போய் ஒரு பை நிறைய வாங்கி வந்துவிட்டார்.

அதிலிருந்து வீட்டில் படகுப் பேச்சுதான். சாதாரண மோட்டார் படகு வேண்டாம், அதில் பின்னால் தண்ணீருக்குள் விசிறி சுற்றும், பிள்ளைகள் ஏறி இறங்குவதும் பின்பக்கம்தான், ஆகவே ரத்து. ஜெட் படகில் வெளியே எதுவும் சுற்றாது. அடிப்பக்கம் ஒரு வாய் தண்ணீரை உறிஞ்சும், பின்பக்கம் ஒரு குழாய் அதைப் பீய்ச்சியடிக்கும், அந்த உதையில் படகு முன்னால் போகும். முழங்கால் தண்ணீரிலும் மிதக்கும். பின்னால் பிள்ளைகள் உட்கார்ந்து காலை ஆட்ட ஒரு மேடை உண்டு. இதையெல்லாம் அப்பா சாப்பாட்டு மேசையில் தண்ணீர்க் குவளையையும் உறிஞ்சு குழலையும் வைத்து விளக்கினார். அம்மா மேசையைத் துடைத்தாள். அவர் மறுபடி விளக்கினார். அவள் மறுபடி துடைத்தாள்.

பிறகு நம் வீட்டு வழக்கம் ஆரம்பித்தது. ஃப்ரிட்ஜ் வாங்கியது உனக்கு நினைவிருக்கும். வாங்கும் முன் பத்து நாள் தரையில் டேப் ஒட்டி, இல்லாத ஃப்ரிட்ஜைச் சுற்றி நடந்தோம். நீ ஒருநாள் அதற்குள் புகுந்து போனாய் என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். இப்போது படகு. நீளம் பத்தொன்பது அடி, ஹால் பதினாறு அடி. ஆகவே பின்மேடை டிவிக்குக் கீழே ஆரம்பித்து, ஓட்டுநர் இருக்கை சோபாவின் மேல் வந்து, படகின் மூக்கு சமையலறைக்குள் மூன்று அடி நுழைந்துவிட்டது. அம்மா மூன்று வாரம் படகின் மூக்கில் நின்று சமைத்தாள். "உள்ள வர்றதுன்னா பின்மேடை வழியா ஏறி வாங்க" என்று பால்காரரிடம் அப்பா சொன்னதை நானே கேட்டேன். அந்த மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே வந்தார்.

இருக்கை ஒன்பது. நாம் ஏழு பேர். மீதி இரண்டு யாருக்கு என்று கேட்டேன். அப்பா என்னைப் பார்த்து, "எதிர்காலத்துக்கு" என்றார். ஒன்று வரப்போகும் மாப்பிள்ளைக்கு என்று புரிந்தது. இன்னொன்றைப் பற்றி நான் கேட்கவில்லை.

அடுத்தது எடை. அப்பா குளியலறை எடை மெஷினை ஹாலுக்குக் கொண்டுவந்து வைத்து, நோட்டைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். அம்மா மெஷினைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள். "என் எடை எனக்கும் இந்த மெஷினுக்கும் நடுவுல உள்ள விஷயம்" என்று சொல்லிவிட்டு மூக்குக்குப் போய்விட்டாள். அப்பா அவள் பெயருக்கு நேரே "உத்தேசம்" என்று எழுதினார். அங்கிருந்தே, "என்னங்க, எழுதினதை அழிங்க" என்று குரல் வந்தது. நீங்கள் நால்வரும் நேரில் இல்லாததால் உங்களுக்குப் பதில் என் புத்தகங்கள் நாற்காலியில் ஏறின. அத்தான் எழுபத்தெட்டு கிலோ என்று அப்பா கணித்தார். அத்தானுக்கு என் அலமாரியில் மூன்று தட்டு தேவைப்பட்டது, முழுக்க மொழிபெயர்ப்பு நாவல்கள். பெரியவன் இரண்டு அகராதியும் ஒரு சரித்திர வரிசையும். குட்டி ஒரு கலைக்களஞ்சியம், முதல் ஐந்து தொகுதிகள். நீ யார் என்று கேட்காதே. கவிதைப் புத்தகங்களால் உன்னை நிரப்ப முடியவில்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். இந்த ஏற்பாட்டோடு ஞாயிறு காலைகளில் ஒரு மணி நேரம் வெள்ளோட்டம். அப்பா சோபாவில் உட்கார்ந்து ஸ்டியரிங்குக்குப் பதில் ஒரு தட்டை வளைப்பார், நாங்கள் சாய வேண்டும். குட்டி இரண்டு முறை கவிழ்ந்து அட்டை கிழிந்தது. நான் பசை போட்டு ஒட்டினேன்.

இதுவரை எனக்குச் சிரிப்புதான். அது நின்றது கடையில்தான். கடைக்காரர் எந்த வெளிச்சத்திலும் கூலிங் கிளாஸை நெற்றியில் வைத்திருக்கும் நல்ல மனிதர். அவர் இத்தனை வருடத்தில் எத்தனையோ பேரைப் பார்த்திருப்பார், லிஃப்ட் ஆய்வாளரைப் பார்த்திருக்க மாட்டார்.

"பிரேக் எங்க இருக்கு?" என்றார் அப்பா.

"பிரேக் கிடையாது சார்."

"கிடையாதுன்னா?"

"தண்ணில எங்க சார் பிரேக்? வேக விசையை விட்டா தானா நிக்கும்."

"எவ்வளவு தூரத்துல?"

"அது... போற வேகத்தைப் பொறுத்து சார்."

"எங்க லிஃப்ட்டெல்லாம் அப்படிப் பொறுத்து நின்னா ஜனங்க என்னத்துக்கு ஆவாங்க?"

கடைக்காரர் சுதாரித்துக்கொண்டு, ஓட்டுபவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் சுருள் கயிற்றைக் காட்டினார். ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், என்ஜின் அணைந்துவிடும். அப்பா அதை நான்கு முறை பிடுங்கிப் பார்த்தார். "இது மட்டும் புத்தியுள்ளவன் வச்சது" என்றார். அந்தக் கயிற்றுக்காகவே பாதி மனதைக் கொடுத்துவிட்டார் என்று நினைக்கிறேன். பிறகு படிவம். பிள்ளைகளைக் காற்றடைத்த டியூபில் உட்காரவைத்துக் கயிறு கட்டி இழுப்பதென்றால் ஓட்டுபவர் முன்னால் பார்க்க வேண்டும், இன்னொருவர் பின்னால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பிள்ளை விழுந்தால் குதித்துப் பிடிக்க நன்றாக நீந்தத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். "அது யாரு சார் உங்க வீட்ல?" என்று கேட்டார் கடைக்காரர்.

அப்பா துணிப்பையிலிருந்து ஒரு சட்டத்தை எடுத்து மேசையில் வைத்தார். அக்கா, அது என் நீச்சல் சான்றிதழ். காலையில் யாரும் பார்க்காதபோது சுவரிலிருந்து கழற்றி வந்திருக்கிறார். "என் சின்னப் பொண்ணு. இருபத்தஞ்சு மீட்டர், ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார். அவர் குரலில் அப்போது இருந்த பெருமையை நான் வேறு எப்போதும் கேட்டதில்லை. நான் பட்டம் வாங்கியபோதுகூட இல்லை.

அந்தச் சான்றிதழின் கதை உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும் என்று ஏரிக்குப் போகும்வரை நினைத்திருந்தேன். இரண்டு வருடம் சனிக்கிழமைதோறும் அப்பா நம் இருவரையும் நீச்சல் குளத்தில் இறக்கிவிட்டுப் போவார். நீ குளத்துக்குப் போவாய். நான் உடைமாற்றும் அறையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து புத்தகம் படிப்பேன், அப்பா வரும் நேரத்துக்குத் தலையைக் குழாயில் நனைத்துக்கொள்வேன். பரீட்சையன்று நான் அழுதேன். ரப்பர் தொப்பியும் கண்ணாடியும் போட்டால் நாம் இருவரும் ஒரே அச்சு என்பதால் நீ உன் பேருக்கு ஒரு முறையும் என் பேருக்கு ஒரு முறையும் நீந்தினாய். முதலில் குளிரில் விறைத்துப்போய் நீந்தியது உனக்கு, செகண்ட் கிளாஸ். உடம்பு சூடேறிய பிறகு நீந்தியது எனக்கு, ஃபர்ஸ்ட் கிளாஸ். அதற்காக நீ என்னோடு ஒன்பது நாள் பேசவில்லை. அப்பா இரண்டையும் சட்டம் போட்டு மாட்டினார். பதினான்கு வருடமாக என்னுடையது ஒரு விரற்கடை உயரத்தில் தொங்குகிறது.

கடைக்காரர் படிவத்தில் என் பெயரை எழுதினார். அடுத்த ஞாயிறு ஏரியில் ஓட்டிப் பார்ப்பதென்று முடிவாயிற்று. எனக்கு ஏழு நாள் இருந்தது. நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியுமே, நூலகத்திலிருந்து நீச்சல் பற்றி மூன்று புத்தகங்கள் எடுத்து வந்தேன். கட்டிலில் குப்புறப் படுத்து, படம் பார்த்துக் கையையும் காலையும் அடித்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைக்குள் நீச்சலில் எனக்குத் தெரியாதது நீந்துவது மட்டும்தான். ஆனால் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் டியூபிலிருந்து குட்டி விழுகிறாள். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் பக்கத்தைப் புரட்டுகிறேன். சிரிக்காதே. அதுதான் நடக்கப்போவது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அப்படியும் காலையில் எழுந்தால் அப்பா டேப் ஒட்டிய பின்மேடையில் நின்று டீ குடித்துக்கொண்டிருப்பார், என் வாய் ஒட்டிக்கொள்ளும்.

ஞாயிறு வந்தது. ஏரியில் அதிகக் கூட்டமில்லை. கடைக்காரரோடு சேர்த்து நால்வரும் மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டோம். அப்பா சுருள் கயிற்றை மணிக்கட்டில் மாட்டி, இழுத்துப் பார்த்து, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். டியூப் இழுக்கும் நீளக் கயிறு பின்மேடையில் சுருட்டிக் கிடந்தது. அதை அவர் தன் முறைப்படி மறுபடி சுருட்டி வைத்துவிட்டு வந்திருந்தார். "சார், ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. ஜெட் போட்டுக்குத் திருப்பணும்னா விசை குடுக்கணும். விசையை விட்டுட்டு ஸ்டியரிங்கைச் சுத்தினா ஒண்ணும் நடக்காது" என்றார் கடைக்காரர். அப்பா தலையை ஆட்டினார். தலைக்குப் புரிந்தது, முப்பத்தொரு வருடக் கைக்குப் புரியவில்லை. பத்து நிமிடம் அருமையாகப் போனோம், அம்மாகூட "காத்து நல்லா இருக்கு" என்றாள். அப்போது எதிரே மஞ்சள் மிதவைப் பந்து ஒன்று வந்தது. சந்தேகம் என்றால் நிறுத்து என்பது அப்பாவின் வேதம். விசையை முழுதாக விட்டுவிட்டு ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுக்கச் சுற்றினார். படகு எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் நேரே போயிற்று.

"சார், விசை குடுங்க! குடுத்தாதான் திரும்பும்!"

"இடிக்கப்போறப்ப எவனாவது வேகத்தைக் கூட்டுவானா?"

"இதுல கூட்டணும் சார்!"

"இதை டிசைன் பண்ணினவன் யாருய்யா?"

"என்னங்க, அப்புறமா கேக்கலாம், கோரை வருது!" என்றாள் அம்மா.

பந்தை ஒரு முழத்தில் தப்பினோம், கோரைப் புதருக்குள் மூக்கைக் கொடுத்து நின்றோம். அப்பா மெதுவாகப் பின்னால் எடுத்தார். குலுங்கியதில் முறைப்படி சுருட்டிய கயிறு முறைப்படியே நழுவித் தண்ணீரில் விழுந்தது, அடிப்பக்க வாய் அதை உறிஞ்சிக்கொண்டது. என்ஜின் ஒரு முறை இருமிவிட்டு நின்றது. அப்பா உடனே, "சாவியை யாரும் தொடக்கூடாது" என்று உருவித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்த ஒரு விஷயத்தில் கை சரியாக வேலை செய்தது. கடைக்காரர் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். "யாராவது ஒருத்தர் தண்ணில இறங்கி அடியில கயித்தைப் புடிச்சு விடணும், நான் மேல இருந்து இழுக்கறேன்" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கனவில் பார்த்த அதே முகங்கள்.

"போம்மா. உனக்கென்ன, ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார் அப்பா.

நான் பின்மேடைவரை நடந்து போனேன். அம்மா ஏனோ செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள், அது காலில் இடறியது. தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது, அடி தெரியவில்லை. திரும்பி நின்று அந்த நான்கு வார்த்தைகளைச் சொல்லிவிட்டேன். சத்தம் சரியாக வரவில்லை போல, அப்பா "என்னது?" என்றார். கத்திச் சொன்னேன். கோரைக்குள்ளிருந்து ஒரு பறவை எழுந்து போயிற்று.

"அப்ப அந்த ஃபர்ஸ்ட் கிளாஸ்?"

"அக்கா."

"அப்ப அவளோட செகண்ட் கிளாஸ்?"

"அதுவும் அக்காதான்."

அப்பா விரல்களை மடக்கி எண்ணினார். "ஒரே ஆளு, ஒரே நாளு, ரெண்டு கிளாஸா? பரீட்சை வச்சவன் ஒழுங்கான ஆய்வாளர் இல்லை" என்றார்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா.

"பரீட்சை வச்சவனையா?"

"இவளுக்கு நீச்சல் தெரியாதுங்கறது. ரெண்டு வருஷம் நீச்சல் டிரஸ் துவைச்சது யாரு? பெரியவ டிரஸ்ல குளத்து மருந்து வாசனை குப்புனு அடிக்கும். இவ டிரஸ்ல ஒருநாளாவது வந்துச்சா? மடிப்பே கலையாம வரும். நானும் சொல்லுவா சொல்லுவான்னு பார்த்தேன்."

கடைக்காரர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மேடம், தப்பா நினைக்காதீங்க, இங்க இடுப்பளவுதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, பேன்ட்டைக்கூட மடக்காமல் இறங்கினார். இடுப்பளவுதான் இருந்தது. பதினான்கு வருடமாக நான் பயந்த தண்ணீர் அவருடைய பெல்ட்டுக்கு மேலே வரவில்லை. அம்மா செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டாள். கயிறு வெளியே வந்ததும், அவர் ஈரத்தோடு மேலே ஏறி, "சார், இன்னொரு ரவுண்டு?" என்றார். அப்பா சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

காரில் திரும்பினோம். பாலம் தாண்டிய பிறகு அப்பா சொன்னார்: "உன்னை நம்பி அந்தப் பிள்ளைங்களைத் தண்ணில விட்டிருப்பேனேம்மா."

"அதனாலதான் சொன்னேன்பா."

"பதினாலு வருஷம் கழிச்சு."

"ஆமா."

கியரை மாற்றினார். "அதுங்க ஏறுறதுக்கு முன்னாடி சொன்னே. சரி, விடு."

உங்களுக்கு நீச்சல் தெரியுமா என்று அப்போதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. "தெரிஞ்சா உங்களை எதுக்கு ரெண்டு வருஷம் கொண்டு விட்டேன்? எனக்குத்தான் வரலை, உங்களுக்காவது வரட்டும்னுதான்" என்றார். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா மண்டியிட்டு டேப்பை உரித்தார். என் சான்றிதழ் மேசை இழுப்பறைக்குள் போனது, உன்னுடையது தனியாகத் தொங்குகிறது. அன்று ஒன்பது மணி நேரம் தூங்கினேன் அக்கா. எழுந்தபோது வீட்டில் யாரோ ஒரு பெரிய பீரோவை நகர்த்தி வைத்ததுபோல் இருந்தது. வெகுநாளாக இடித்துக்கொண்டே போய்வந்த பீரோ. ஆக, படகு இல்லை. பிள்ளைகளிடம் பக்குவமாகச் சொல்லிவிடு. அத்தானிடம் அவர் புத்தக அலமாரிக்குத் திரும்பிவிட்டதாகச் சொல்.

ஒன்று மட்டும். அப்பா டேப் எல்லாவற்றையும் உரிக்கவில்லை. உங்கள் நான்கு இருக்கைகளின் கட்டங்களை விட்டுவைத்திருக்கிறார். "பசை புடிச்சுக்கிச்சு, வரலை" என்கிறார். நான் ஒரு மூலையை நகத்தால் கிளப்பிப் பார்த்தேன், சுலபமாக வந்தது. மறுபடி அழுத்தி ஒட்டிவிட்டேன். அம்மா அவற்றின் மேல் மிதிக்காமல் பெருக்குகிறாள். நீ வந்து மூன்று வருடம் ஆகிறது. படகு இல்லாவிட்டாலும் ஒருமுறை வா.

அத்தானுக்கு என் வணக்கம். பெரியவனுக்கும் குட்டிக்கும் தலைக்கு இரண்டு முத்தம். நால்வரும் நீண்டநாள் நலமாக இருக்க வேண்டும், குளிக்கும் வாளியைத் தவிர வேறெங்கும் மூழ்காமல்.

என்றும் உன்,
செகண்ட் கிளாஸ்கூட இல்லாத தங்கை

பின்குறிப்பு: மேலே உள்ளதைப் படித்துக்கொள், நம்பாதே. கடிதம் ஒட்டப்படாமல் பதினெட்டு நாள் என் மேசையில் கிடந்துவிட்டது. அப்பா படகு வேண்டாம் என்று சொல்லவில்லையாம், "பயன்பாட்டுக்கு இப்போதைக்கு அனுமதி இல்லை" என்றுதான் சொன்னாராம். அதே கடையில் ஒரு சின்னப் படகைப் போன வாரம் வாங்கிவிட்டார். அது ஏரிக்கரைக் கொட்டகையில் நிற்கிறது, பழைய ஆபீஸ் பலகை ஒன்று கழுத்தில் தொங்குகிறது: "பழுது நீங்கும் வரை பயன்படுத்தாதீர்." பழுது நாங்கள்தான். வீட்டில் எல்லோரும் இருபத்தைந்து மீட்டர் அவர் கண்ணெதிரே நீந்திக் காட்டிய பிறகுதான் பலகை இறங்கும். உனக்கும் விலக்கு இல்லை, அந்தப் பரீட்சையின் மேல் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது, வரும்போது நீச்சல் உடை எடுத்து வா. அப்பாவும் நானும் நகராட்சிக் குளத்தில் சேர்ந்திருக்கிறோம், பக்கத்தில் எல்லோருக்கும் ஏழு வயது. முதல் இரண்டு வகுப்பிலும் அம்மா கரையில் உட்கார்ந்து துண்டுகளைப் பார்த்துக்கொண்டாள். நேற்று மூன்றாவது வகுப்பு. அப்பா நான்கு மீட்டர் நீந்தினார். நான் ஆறு. அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு இறங்கி, மறுமுனைவரை நீந்திப் போய், சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.